ஒரே வயிற்றில் மூன்று

திங்கட்கிழமை காலை மயிலம் பஸ்ஸில் ஏறப்போகும் என் டாக்டர் பிள்ளைக்கு, அடுத்த அறையிலிருந்து அம்மா எழுதுவது.

சிரிக்காதே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிற அம்மா இந்த விழுப்புரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ அங்கே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். ஸ்டெதஸ்கோப்பை மேலே வைப்பதா, வேட்டிகளுக்கு நடுவில் வைப்பதா என்று அப்பாவோடு வாதாடுவது இங்கே கேட்கிறது. எழுந்து வந்து சொல்லிவிடலாம்தான். ஆனால் முக்கியமான எதுவும் எனக்கு வாயில் வராது என்பது உனக்குத் தெரியும். நீ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நாளன்றுகூட, ஊரே உன்னை வாழ்த்திக்கொண்டிருந்தபோது, நான் உன்னிடம் சொன்னது “குடையை எடுத்துக்கொண்டாயா” என்பது மட்டும்தான். இப்போது நீ தனியாக ஒரு சுகாதார நிலையத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய். குடையோடு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போ. அது நான் செய்த ஒரு தவறு. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நான் டாக்டரான கதை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் சொல்லப்படும் கதை. நிலமில்லாத கூலிக்காரரின் மகள், உபகாரச் சம்பளத்தில் படித்தாள், சென்னைக்குப் போனாள், எங்கள் தெருவிலேயே முதல் பட்டம் வாங்கினாள். அதெல்லாம் உண்மைதான். யாரும் சொல்லாத பாதி என்னவென்றால், கல்லூரியில் இருந்த அத்தனை வருடமும் வகுப்பில் நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கண் மட்டும் எதையும் விடாது. எந்த நோயாளிக்கு எந்தப் பக்கத்துச் செருப்பு தேய்ந்திருக்கிறது, யார் பேசும்போது வயிற்றைத் தொட்டுக்கொள்கிறார் என்பதெல்லாம் பார்த்துவிடுவேன். பார்த்ததைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவளை யுத்த காலத்தில் திண்டிவனத்தில் ஆறு கட்டில் போட்ட ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலைக்கு வைத்தார்கள். அங்கிருந்த பெரிய டாக்டர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். மிஞ்சியது நான், ஒரு கம்பவுண்டர், ஓர் ஆயா, ஜன்னலோரம் ஒரு மைக்ராஸ்கோப். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

அங்கேதான் உன் அத்தை அஞ்சலை வந்தார். கூடத்தில் மாட்டியிருக்கும் புகைப்படத்தில், போட்டோகிராபர் சிரிக்கக் கூடாது என்று சொல்லியும் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். அப்போது நாற்பது வயது. விழுப்புரத்தில் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மில்லில் வேலை. எட்டு வயதில் அனாதையான தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்தத் தம்பி வளர்ந்து ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகி, அன்று நகமெல்லாம் கரியோடு எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். அவர்தான் உன் அப்பா என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்கு ஐந்து மாதமாக மலத்தில் இரத்தம். விழுப்புரத்தில் டாக்டர்கள் இருந்தார்கள், ஆனால் ஆண்கள். “ஆம்பள டாக்டருகிட்ட இத்தக் காட்டறதுக்கு அப்படியே போய்ச் சேர்றேன்” என்று சொல்லிவிட்டு, திண்டிவனத்தில் ஒரு பொம்பளை டாக்டர் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

என்ன தொந்தரவு என்று கேட்டேன். “ரெண்டுக்குப் போனா ரெண்டு மாதிரி வருது டாக்டரம்மா” என்றார். கம்பவுண்டர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தையும் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். பல நாள் வயிற்றைப் பிசைந்துகொண்டு, சளியோடு சிவப்பாக வருமாம். சில நாள் வலியே இல்லாமல், நாவல்பழச் சாறு மாதிரிக் கறுத்துப்போய் வருமாம். நான் தலையாட்டிக்கொண்டே சீட்டில் எழுதியது ஒரே ஒரு வரி: “சீதபேதி, ஐந்து மாதம்.” இரண்டு மாதிரி என்று அவர் சொன்னதை ஒரு மாதிரியாக்கிவிட்டேன். இன்னொன்றும் செய்தேன், அதாவது செய்யாமல் விட்டேன். இரத்தம் போகிறது என்று யார் வந்தாலும் கையுறை போட்டு ஆசனவாய்க்குள் ஒரு விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று உன் புத்தகத்தில் இருப்பதுபோலவே என் புத்தகத்திலும் இருந்தது. நான் பார்க்கவில்லை. நோயாளிக்கு வெட்கமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கப்பட்டது நான்.

சீதபேதி என்றால் அமீபாவா என்று பார்க்க வேண்டும். அமீபா உயிரோடு நகர்வதைப் பார்த்தால்தான் நிச்சயம். வெளியே வந்த உடனே, உடம்புச் சூடு ஆறுவதற்குள் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துவிட வேண்டும், ஆறிப்போனால் அது சுருண்டு அசையாமல் கிடக்கும். இதை விளக்கிச் சொல்லி அத்தையை அங்கேயே இருக்க வைத்திருக்கலாம். ஆனால் உன் அப்பாவுக்கு டூட்டி, அவர்களுக்கு அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டும். நான் கதவு நிலையைப் பார்த்தபடி உன் அப்பாவிடம் சொன்னேன்: “நாளைக்கு அதைக் கொஞ்சம் கொண்டு வாங்க. சூடா இருக்கணும்.” அவர் “சரிங்க” என்றார். நாங்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான்.

மறுநாள் காலை விழுப்புரம் பாசஞ்சர் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில், முகமெல்லாம் கரியோடு, துண்டில் சுற்றிய ஓர் அலுமினிய டப்பாவை ஏந்திக்கொண்டு உன் அப்பா ஓடி வந்தார். “ஜல்தியா வாங்கிக்கங்க டாக்டரம்மா, கை பொத்துப்பூடும். விழுப்புரத்துலேர்ந்து பாய்லர் மேலயே வச்சிக்கினு வந்தேன், ஆறவே உடல. டிரைவர் அண்ணன் வேற, என்னடா நாஷ்டாவான்னு கேட்டுக்கினே வந்தாரு.” டப்பாவைத் திறந்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். கம்பவுண்டர் வெளியே போய் அரை மணி நேரம் திரும்பி வரவில்லை. அதில் இருந்த அமீபாக்கள் எல்லாம் வெந்து கரைந்துபோயிருந்தன. உன் அப்பாவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. சூடாக இருக்க வேண்டும் என்று சொன்னால் எஞ்சின் ஃபயர்மேன் வேறு எப்படிக் கொண்டு வருவார்? “போன உடனே, ஆறுவதற்குள்” என்று இரண்டு வார்த்தை கூடச் சொல்ல வெட்கப்பட்டவள் நான். உன் அப்பா எனக்கு முதன்முதலில் கொடுத்த பொருள் அந்த டப்பா. பூ வாங்கித் தந்தது ஒன்றரை வருடம் கழித்து.

பிறகு அத்தையை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொண்டேன். இரண்டாம் நாள் காலை, ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, வெல்லப்பாகு வழிவதுபோல மெல்ல நகர்ந்துகொண்டு ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. வயிற்றில் சிவப்பணுக்களை விழுங்கி வைத்திருந்தன. நானே தனியாக, யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்த முதல் நோய் அது. என் சந்தோஷத்தைக் கேட்காதே. ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் “ஐய, இன்னா இது” என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்து நாள் எமிட்டின் ஊசி. இதயத்துக்கு ஆகாத மருந்து என்பதால் அத்தை படுக்கையை விட்டு எழக் கூடாது. எழாமலே அந்த ஆறு கட்டிலையும் ஆண்டார். பக்கத்துக் கட்டில் கிழவிக்கு மருமகளோடு சமாதானம் செய்துவைத்தார். ஆயாவுக்குக் கேப்பை அடை சுடுவது எப்படி என்று படுத்தபடியே பாடம் நடத்தினார். வயிற்று வலி நின்றது, சளி நின்றது. சீட்டில் “குணம்” என்று எழுதி அனுப்பினேன். என்னோடு படித்த ஒரு தோழிக்கு, படம் வரைந்து, நான்கு பக்கத்தில் கடிதம் போட்டேன்.

அத்தை வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, ரவிக்கையின் தோளில் இரண்டு பக்கமும் ஊக்குப் போட்டு இறுக்கியிருந்ததைக் கண் பார்த்தது. கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருந்ததையும் பார்த்தது. சீதபேதியில் இளைத்திருக்கிறார் என்று முடிவு கட்டி, இரும்புச்சத்து மருந்து ஒரு பாட்டில் கொடுத்தேன். கையில் ஒரு பதில் கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு கண்ணில் படுகிறதெல்லாம் அந்தப் பதிலுக்கே சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடும். எனக்கு அறிவு இல்லாததால் நேர்ந்த தவறு அல்ல இது. நான் சரியாகக் கண்டுபிடித்ததால் நேர்ந்த தவறு. அதனால்தான் இதைக் குறிப்பாக உனக்கு எழுதுகிறேன். நீ என்னைவிடக் கெட்டிக்காரன், அடிக்கடி சரியாகக் கண்டுபிடிப்பாய்.

மூன்று வாரம் கழித்து அத்தை திரும்பி வந்தார். உன் அப்பாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினார். அன்று சிரிப்பு இல்லை. “சளி நின்னுபோச்சி, வலி நின்னுபோச்சி. ரத்தம் நிக்கல. நீங்க எதையோ பாக்காம உட்டுட்டீங்க டாக்டரம்மா. நீங்க இப்படி வெக்கப்பட்டுக்கினே இருந்தா நான் செத்துப்பூடுவேன். எனக்கு அவன் ஒருத்தன், அவனுக்கு நான் ஒருத்தி.” சொல்லிவிட்டு, நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், கட்டிலில் ஏறி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

கையுறையைப் போட்டேன். விரல் நுனி எட்டுகிற இடத்தில் முரட்டு மேடாக ஒரு கட்டி இருந்தது. ஓரம் கெட்டியாக, நடுவே குழிந்து. விரலை எடுத்தபோது கையுறையில் புதுச் சிவப்பு. இதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே பார்த்திருக்கலாம். அமீபாவே சில சமயம் குடலில் கட்டிபோல வீக்கத்தை உண்டாக்கும், அப்படி இருந்துவிடக் கூடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். ஆனால் அந்த வீக்கம் ஊசிக்குக் கரைந்திருக்க வேண்டும். இது பத்து ஊசிக்கும் கரையாமல் உட்கார்ந்திருந்தது. அமீபா இருந்தது பொய் இல்லை. அமீபாவும் இருந்தது, இதுவும் இருந்தது. அது முன்னால் நின்றுகொண்டு இதை மறைத்துவிட்டது. அத்தையிடம் நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் முழுசாக, தலை நிமிர்ந்து, சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அத்தை புடவையைச் சரிசெய்துகொண்டே, “சரி, மேல ஆவ வேண்டியதப் பாருங்க” என்றார்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். கட்டியில் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான். அதை அத்தையிடம் சொல்ல வேண்டியது நான். எப்படியோ மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். அத்தை, “புத்துன்னா உள்ள பாம்பு கீதா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப பால் ஊத்தற செலவு மிச்சம்” என்றார். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, சிரித்துவிட்டேன். வாசலில் நின்றிருந்த உன் அப்பா, நாங்கள் சிரிப்பதைப் பார்த்து நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் பெரிய சர்ஜன் தன் பரிவாரத்தோடு கட்டிலருகே வந்தார். ஏழெட்டு ஆண்கள், எல்லாரும் என்னைவிட உயரம். கட்டி இருக்கும் இடம் தெரியும், அதை எடுத்துவிடலாம், நாள் குறிக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். அப்போதுதான் அந்த நாவல்பழச் சாறு ஞாபகம் வந்தது. சிவப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சளிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கறுப்புக்கு? விரல் எட்டும் தூரத்தில் இருக்கிற கட்டியிலிருந்து வருகிற இரத்தம் கறுக்க நேரமேது? மேலே எங்கிருந்தோ வெகுதூரம் பயணம் செய்து வந்தால்தான் இரத்தம் அப்படிக் கறுக்கும். இதைச் சொன்னேன். சர்ஜன் “என்ன?” என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் “என்ன?” என்றார். அவருக்குக் காது மந்தமில்லை, என் குரல் என் புடவைத் தலைப்பைத் தாண்டவில்லை. கட்டிலிலிருந்து அத்தைதான் எழுந்து உட்கார்ந்தார். “எங்க டாக்டரம்மா என்னமோ சொல்லிக்கினு கீறாங்க, கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க சார். வயிறு என்னுது.”

மூன்றாம் முறை சொன்னது எனக்கே கேட்டது. சர்ஜன் நல்லவர். கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பேரியம் கொடுத்து ஒரு படம் எடுத்துவிடலாம் என்றார். பால்போன்ற அந்த மருந்தைக் கீழிருந்து பெருங்குடல் முழுக்க ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம், பெருங்குடல் மேலே ஏறத் தொடங்கும் இடத்தில், எலி கடித்த வடைபோல ஓர் ஓரம் குறைந்திருந்தது. இன்னொரு கட்டி. பின்னால் வெட்டியெடுத்துப் பார்த்தபோது அதுவும் புற்றுதான் என்றும், முதல் கட்டியிலிருந்து பரவி வந்ததல்ல, இரண்டும் தனித்தனியாகத் தோன்றியவை என்றும் எழுதினார்கள். கீழே இருந்ததை மட்டும் எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால், மேலே இருந்தது ஒன்றிரண்டு வருடத்துக்குள் வேலையை முடித்திருக்கும். விஷயத்தைக் கேட்டதும் அத்தை, “ஒரே வயித்துல ரெண்டு புத்தா? கோயிலே கட்டிப்புடலாம்” என்றார். அமீபாவை முன்பே ஒழித்திருந்ததும் வீண்போகவில்லை. அது இருக்கும்போது குடலை வெட்டித் தைத்திருந்தால் தையல் பிரிந்திருக்கும் என்று சர்ஜன் சொன்னார். ஆக, என் முதல் கண்டுபிடிப்பு பாதி மரியாதையோடு தப்பித்தது.

இரண்டு தவணையாக ஆபரேஷன். உன் அப்பா இரண்டு முறையும் இரத்தம் கொடுத்தார். மூன்று மாதம் சென்னையில். ஆசனவாயை எடுத்துவிட வேண்டியிருந்ததால், மலம் வெளியேற வயிற்றின் முன்பக்கம் ஒரு வழி வைத்துவிட்டார்கள். இதற்கு அத்தை உடைந்துவிடுவார் என்று பயந்தேன். ஒரு வாரம் பேசாமல்தான் இருந்தார். எட்டாம் நாள் நான் கட்டுத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, “ஊர்ல எல்லாருக்கும் பின்னால. எனக்கு மட்டும் முன்னால. நம்ம குடும்பத்துல நான்தான் முன்னேறிட்டேன்” என்றார். அதற்குப் பிறகு மில்லுக்கும் போனார், கல்யாணங்களுக்கும் போனார், பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

என்னைப் பெண் கேட்டதும் அவர்தான். திண்டிவனத்துக்கே வந்து, நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் உள்ளே வந்து கேட்டார். “எந்தம்பி உங்க அளவுக்குப் படிக்கல. ஆனா சொன்னதச் செய்யறவன். சூடா கொண்டான்னா சூடாத்தான் கொண்டாருவான்.” டாக்டருக்கும் கரி அள்ளுகிறவனுக்கும் கல்யாணமா என்று இரண்டு பக்கத்திலும் பேசினார்கள். பேசிப் பேசி ஓய்ந்துபோனார்கள்.

நீ போகிற இடத்திலும் சீதபேதி நிறைய வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அமீபா என்றால் அமீபாதான், மாத்திரையைக் கொடுத்து அனுப்பு. என் கதையைக் கேட்டுவிட்டு வருகிறவர்களை எல்லாம் சென்னைக்கு ரயிலேற்றிவிடாதே. அந்த ஒருவருக்காக ஒன்று மட்டும் செய். காரணம் கிடைத்த பிறகு, நோயாளி சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கும் இந்தக் காரணம் போதுமா என்று கேட்டுப் பார். போதாத வார்த்தை ஒன்று மிஞ்சினால் அதை வேடிக்கையாகப் பேசியது என்று தள்ளிவிடாதே. குணமானவரையும் மூன்று வாரம் கழித்து ஒருமுறை வரச் சொல். தொட்டுப் பார்க்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார். பெண்களாக இருந்தால் நர்ஸைக் கூட வைத்துக்கொள், மெதுவாகச் சொல்லிவிட்டுப் பார். உனக்கு என் வெட்கம் வரவில்லை, அப்பாவின் தைரியம் வந்திருக்கிறது. அதனால் உனக்கு வேறு எச்சரிக்கை: கம்பவுண்டரை அதட்டாதே, காலையில் சாப்பிடாமல் உட்காராதே.

அத்தை ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். உனக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார். புற்று திரும்பி வரவே இல்லை. நானே ஒவ்வொரு ஆறு மாதமும் பார்த்தேன், வெட்கமில்லாமல்.

நீ பிறந்த நாளைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் பிரசவம். வயிறு பெரிதாக இருக்கிறதே என்று அத்தை பலமுறை சொல்லியிருந்தார், ஒரு டாக்டராக நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ பிறந்து, அழுது, எல்லாரும் மூச்சு விட்டோம். நர்ஸ் தொப்புள்கொடியைக் கட்டிவிட்டுக் கை கழுவத் திரும்பினாள். அத்தையிடம் “முடிஞ்சிடுச்சு அண்ணி, பையன்” என்று நானே சொன்னேன். அத்தை வாசற்படியை மறித்து நின்றுகொண்டார். “ஒன்னு கெடச்சதும் கைய கழுவிக்கினு போனா எப்படி? இன்னொரு தபா வயித்தத் தொட்டுப் பாரும்மா.” அந்தம்மாவின் மனசுக்காக என்று நர்ஸ் சலித்துக்கொண்டே கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. கால் மணி நேரத்தில் உன் தங்கை பிறந்தாள். அவளைத் துணியில் சுற்றிக்கொண்டு அத்தை வெளியே போய் அப்பாவிடம் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது.

“டேய், ரெண்டுடா.”